29 வெள்ளிப் பொடியும் பாட்டியின் மரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எனக்கு 25 வயது, கோலாலம்பூரில் வேலை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்றதும், பேரங்காடியில் 100 கிராம் முருங்கைப் பொடியை 29 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மைலோ பானத்தில் கலக்கினால் கட்டி கட்டியாக மிதந்தது.

சென்ற வாரம் சுங்கை சிப்புட் வந்து பாட்டியிடம் சொன்னேன். அவர் விலையைத்தான் இரண்டு முறை கேட்டார். அவர் குடியிருக்கும் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னாலேயே நிற்கிறது முருங்கை மரம். கொத்தை ஒடித்து, சாயங்காலம் உங்கள் நாளிதழிலேயே (ஞாயிறு பதிப்பு, மன்னிக்கவும்) இறுகச் சுற்றி வைத்தார். காலையில் உதறியதும் இலை தானாக உதிர்ந்தது. நான் ஒருமுறை காம்போடு வதக்கி, தொண்டையில் குத்தி, அப்படியே கொட்டியிருக்கிறேன்! நெத்திலி, தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டி, கஸ்தூரி எலுமிச்சை பிழிந்தார். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. புளிப்பிருந்தால் சோறு இறங்கும், அவ்வளவுதான். (மருத்துவர் தந்த மாத்திரையையும் நான் நிறுத்தவில்லை.)

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வாராவாரம் சியா விதையும் அவகாடோவும்தான். ஒரு வாரமாவது தோட்டத்துக் கீரை ஒன்றைப் போடுங்கள், ஆயும் முறையோடு.

இப்படிக்கு,
வாசகி, சுங்கை சிப்புட், பேராக்