டேப்பை இழுத்துப் பிடி

அன்புள்ள மலருக்கு,

அம்மா நலம். செந்திலுக்குப் பொங்கலுக்கும் லீவு இல்லையாம். குறுவட்டப் போட்டி இந்தத் தடவை உன் பள்ளி மைதானத்தில்தான் நடந்தது என்று தெரியும். அதற்குப் பிறகு மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை இருக்கும்.

மண் மைதானத்தில் டிராக் போடத் துணி டேப் வேண்டாம்மா. பழசானால் நீண்டுபோகும். ஸ்டீல் டேப்தான். வளைவுக்கு நைலான் கயிறும் கூடாது, இழுக்க இழுக்க நீளும், கட்டுக்கம்பி எடு. நடு முளையை நன்றாக அடித்து இறக்கு, அது சாய்ந்தால் வளைவே கெட்டுவிடும். குண்டு எறிதலில் குண்டு விழ வேண்டிய செக்டருக்குக் கோணமானி தேடாதே. வட்டத்தின் நடுவிலிருந்து இரண்டு கோடும் 20 மீட்டர், அந்த முனைகளுக்குக் குறுக்கே 12 மீட்டர் வந்தால் சரி. எதை அளந்தாலும் டேப்பை இழுத்துப் பிடி.

வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் பேசிப் பெண்பிள்ளைகளுக்குக் கோ-கோ டீம் கட்டினாயே, அந்தத் துணிச்சல் என் சர்வீஸ் முழுக்க எனக்கு வரவில்லை. ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு சாருக்கு விட்டுக்கொடுக்கிறாய் என்றும் காதில் விழுந்தது. கொடுக்காதே. ஒரு தடவை கொடுத்தால் டைம்டேபிளில் அது அவருடையதாகிவிடும். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிப் பழக ஊர்ப் பையன்கள் விடிகாலையில் வந்தால் கேட்டைத் திறந்து விடு. மைதானம் அவர்களுக்கும்தான்.

முதல் லேனில் ஓடிய பிள்ளை எந்தப் பள்ளி?

ஸ்டேகர் கணக்கை, அதாவது வெளி லேன் பிள்ளைகளை எத்தனை மீட்டர் முன்னால் நிறுத்துவது என்பதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. உள்விளிம்பில் செங்கல் பதித்திருந்தால் முதல் லேனை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். செங்கல்லில் கால் இடிக்கும் என்று ஓடுகிறவர்கள் விலகித்தான் ஓடுவார்கள். இரண்டாம் லேனிலிருந்து வெறும் கோடுதான், அதனால் 20 செ.மீ. லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால் இரண்டாம் லேனுக்கு ஒரு சுற்றுக்கு 7.04 மீட்டர், மூன்றாவதற்கு 14.70. டிராக் 200 ஆனாலும் 400 ஆனாலும் இதுதான். செங்கல் இல்லாமல் சுண்ணாம்புக் கோடு மட்டும் என்றால் முதல் லேனுக்கும் 20; அப்போது 7.67 சரி.

நான் செங்கல் பதித்த மைதானத்திலேயே பதினொரு வருஷம் 7.67 போட்டேன். எல்லா லேனையும் 30-இல் அளந்தேன். மற்ற எல்லோரும் 63 செ.மீ. முன்னால் நின்றார்கள், நஷ்டம் முதல் லேன் பிள்ளைக்கு மட்டும். எத்தனை பேர் அதனால் மாவட்டப் போட்டிக்குப் போகாமல் நின்றார்களோ, நான் கணக்கு வைக்கவில்லை. பிறகு தெரிந்தும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீ கம்பி பிடித்துப் பழகியது அந்த வருஷங்களில்தான். உன்னிடம் இருக்கும் பச்சை அட்டை நோட்டில் அந்தப் பழைய எண்தான் இருக்கிறது. திருத்தித் தரவில்லை.

உன் மைதானத்தில் செங்கல் இருக்கிறதா என்று பார். இருந்து, கோடு 7.67-இல் இருந்தால், அப்பா சொல்லிக்கொடுத்த தப்பு என்று தலைமை ஆசிரியரிடம் சொல். போட்டிச் செயலாளருக்கு நானே எழுதித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஸ்டீல் டேப்போடு வருகிறேன். ஒரு முனையை நீ பிடி.

அப்பா