ஹோலி லீவு தென்காசிக்குக் கிடையாது: செய்தித் தள ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் இணையச் செய்தித் தளம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மாதம் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போதே நீங்கள் போடுகிற அந்தச் செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். "வாடிக்கையாளர்களே உஷார்! மார்ச்சில் 14 நாள் வங்கிகள் இயங்காது!" கூடவே பூட்டுத் தொங்கும் ஷட்டர் படம், வருடம் முழுக்க அதே ஷட்டர். அந்தப் 14 எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி ஊர் வாரியாகப் போடும் பட்டியலில் எங்கோ ஓர் ஊருக்கு மட்டும் லீவு என்றாலும் அதையும் சேர்த்துக் கூட்டி, வந்த தொகையைத் தலைப்பில் தூக்கி வைத்துவிடுகிறீர்கள்.

2025 மார்ச்சையே பாருங்கள். 7ஆம் தேதி சாப்சார் குட் பண்டிகை, அது மிசோரத்தின் ஐஸ்வாலுக்கு. 14 ஹோலி, சென்னைக்கும் பெங்களூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் அன்று வேலை நாள். 15 மணிப்பூரின் இம்பாலில் யாவ்சாங் பண்டிகை. 22 பீகார் தினம், அதுவோ நான்காவது சனிக்கிழமை, பாட்னாவிலேயே அன்றைக்கு எப்படியும் வங்கி கிடையாது. நமக்கு உரிய யுகாதி 30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்தது. ஆகமொத்தம் தமிழ்நாட்டுக்கு ஐந்து ஞாயிறு, இரண்டு சனி, 31ஆம் தேதி ரம்ஜான், அவ்வளவுதான். காசோலை போன்றவற்றுக்கான 1881ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அந்தந்த மாநில அரசு அறிவிக்கும் நாள்தான் அந்தந்த மாநிலத்துக்கு லீவு. எனவே தலைப்பில் மாநிலத்தின் பெயரைப் போடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று தோன்றலாம். எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, ஏடிஎம் கார்டு வாங்கிக்கொள்ளாதவர், பாஸ்புக்கோடு போய் சலான் எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்துப் பணம் எடுப்பவர். பேரனுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் அந்த ஹோலி வெள்ளிக்கிழமை, கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் இரவு வாட்ஸாப்பில் "நாளை வங்கிகள் செயல்படாது" என்று உங்களில் ஒருவரின் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலேயே காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகுக் கடையில் வைத்து, மூன்று ரூபாய் வட்டிக்குப் பணம் வாங்கிப் பள்ளியில் கட்டிவிட்டார். அவருடைய சேமிப்புக் கணக்கு இருக்கும் கிளை அடுத்த தெருவில் அன்று பத்து மணிக்கே திறந்து, டோக்கன் போட்டுப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. "போன்லயே போட்டிருந்தானேப்பா" என்றார். அந்த வட்டியை யார் கொடுப்பது? உங்களுக்கு ஒரு கிளிக் கிடைத்தது, சந்தோஷம்.

இவ்வளவு லீவைக் கூட்டுகிறவர்கள் காத்மாண்டு, டாக்காவையும் சேர்த்துக்கொண்டால் முப்பது நாளும் மூடிவிடலாமே! "நள்ளிரவு முதல் புதிய விதி", "இதை உடனே செய்யுங்கள்" என்று நீங்கள் போடும் மற்றவற்றையும் இதே கையோடு கேட்கலாம்தான். வேண்டாம், இந்த மடலில் இது போதும்.

இத்தனைக்கும் அந்தப் பண்டிகைகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். மிசோரமில் மூங்கில் காட்டை வெட்டிச் சாய்த்து, அது காய்ந்து தீவைக்கப் பதமாகும் வரை கிடைக்கும் ஓய்வில் கொண்டாடுவதுதான் சாப்சார் குட், தட்டப்படும் மூங்கில் கழிகளுக்கு நடுவே கால் மாட்டாமல் ஆடுவார்கள். ஜார்க்கண்டில் சால மரம் பூக்கும்போது சர்ஹுல்: பூசாரி பானைகளில் தண்ணீர் நிரப்பி வைத்து, மறுநாள் அது குறைந்திருக்கிறதா என்று பார்த்து மழையைச் சொல்வார். மணிப்பூரில் யாவ்சாங் ஐந்து நாள், முதல் நாள் மாலை குடிசை ஒன்றைக் கொளுத்தித் தொடங்கும், பிறகு பிள்ளைகள் வீடு வீடாகக் காசு கேட்டுப் போவார்கள். எவ்வளவு நல்ல செய்தி இது! உங்கள் தளத்தில் இவற்றுக்கெல்லாம் கிடைத்த மரியாதை, லீவுக் கணக்கில் ஆளுக்கொரு எண்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: தமிழில் எழுதும்போது தமிழ்நாட்டுக் கணக்கைத் தனியாக, தலைப்பிலேயே போடுங்கள். மற்ற மாநிலங்களைக் கீழே ஊர்ப் பெயரோடு கொடுங்கள், வெளியூரில் இருக்கும் நம் ஆட்களுக்கு அதுவும் உதவும். இணையப் பரிமாற்றம் எல்லா நாளும் நடக்கும் என்று கடைசி வரியில் ஒளித்து வைப்பதை மேலே கொண்டுவாருங்கள். ஏப்ரல் 1 ஆண்டுக் கணக்கு முடிப்பு, 14 சித்திரைப் பிறப்பும் அம்பேத்கர் பிறந்த நாளும். அவை நிஜமாகவே எங்களுக்கு லீவு, அதற்கு வேண்டுமானால் அந்த ஷட்டர் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தென்காசியிலிருந்து ஒரு வாசகர்