பாக்கெட்டுக்குள் வைக்கும் அட்டையைப் பற்றி

பாம்பன்,
மே 18

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கு நான் நலம். நீ வேலை செய்யும் தின்பண்ட நிறுவனம் ஒரு வீடியோ கேமின் பாத்திரங்களை அட்டைகளாக அச்சிட்டு ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்குள் வைக்கப்போகிறது என்றும், அந்தப் பொறுப்பு உன் கைக்கு வந்திருக்கிறது என்றும் போனில் சொன்னாய். மகிழ்ச்சியில் எனக்கு அப்போது பேச்சு வரவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாக்கெட்டுகளைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்றவள் நான் என்பதால், உன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று மனத்தில் நிற்கிறது.

எந்த ஓர் அட்டையையும் அரிதாக்கி விடாதே. எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில் அச்சிடச் சொல்.

பாக்கெட்டுக்குள் போக்கிமான் என்ற வீடியோ கேமின் சில்லுகள் வந்த காலம் உனக்கு நினைவிருக்கும். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும் என்பதால், செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் படகுகள் கரை சேர்ந்து பங்கு பிரித்த பிறகுதான் நம் கடையில் வியாபாரம் நடக்கும். ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடை தொடங்கிவிட்டால் அந்த வரவும் நின்றுவிடும். அப்போது தடை 45 நாள். 2017 முதல் 61 நாள். பள்ளி விடுமுறையும் அதே நாட்களில்தான் வருகிறது. வீட்டில் காசு இல்லாத வேளையில், பிள்ளைகள் நாள் முழுதும் கடை வாசலில் நின்று பாக்கெட்டுகளை அமுக்கி அமுக்கிப் பார்ப்பார்கள். அமுக்கியதில் காற்றுப் போன பாக்கெட் மறுநாளே நமுத்துவிடும். அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏஜென்சிக்காரர் மறுத்துவிட்டதால் அந்த நட்டம் நம்முடையதாயிற்று. அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை.

உன்னோடு படித்த பையன் ஒருவன், அவன் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர், ஒரு தடைக்காலத்தில் தினமும் வந்து, “கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் அத்தை” என்று சொல்லிப் பாக்கெட் வாங்கிப் போனான். அவனிடம் இல்லாத ஒரே சில்லு மியூடூ என்ற பாத்திரத்தினுடையது. நானும் அவன் வீட்டில் கேட்காமலே எழுதிக்கொண்டு வந்தேன். மாதம் முடிந்து அவன் அம்மா வந்தபோது கணக்கில் 140 ரூபாய் நின்றது. எல்லாம் ஐந்து ஐந்தாக, 28 பாக்கெட். அந்தப் பெண் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. தடை முடிந்து படகு போய் வந்த முதல் பங்கில் கொண்டுவந்து கொடுத்தாள். கேட்காமல் எழுதியது என் பிழை. அந்தப் பக்கத்தை இன்றும் நான் கிழிக்கவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளை 28 முறை ஏமாந்ததற்கு, எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அந்த ஒன்றைக் குறைவாக அச்சிடச் சொன்னவருக்கும் பங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கடைசியில் அவனுக்கு மியூடூ பாக்கெட்டிலிருந்து கிடைக்கவில்லை. திருவிழாவுக்கு மண்டபம் ஊரிலிருந்து வந்த ஒரு பையனிடம் ஆறு சில்லுகளைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டான். உன் அப்பா காலத்துப் பிள்ளைகளும் தீப்பெட்டிப் படங்களை இப்படித்தான் மாற்றிச் சேர்த்தார்கள். ஆனால் அதற்காக எவரும் தீப்பெட்டி வாங்கச் சொல்லி அழுததில்லை.

போக்கிமான் விளையாட்டின் கதையை நீதான் எனக்கு ஒருமுறை விளக்கினாய். 1996-இல் ஜப்பானில் அது சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக வந்தது என்றும், ஒன்றில் அகப்படுகிற சில உயிர்கள் மற்றதில் அகப்படா என்பதால், இரண்டு பிள்ளைகள் தங்கள் கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து மாற்றிக்கொண்டால்தான் தொகுப்பு நிறையும் என்றும் சொன்னாய். எனக்கு அது மிகவும் பிடித்தது. அந்த விளையாட்டில், ஒரு பிள்ளையிடம் இல்லாத ஒன்று இன்னொரு பிள்ளையின் கையில் இருக்கிறது. கடையில் தொங்கும் பிரிக்காத பாக்கெட்டில் இல்லை.

கணக்கையும் நீயே போட்டுக் காட்டினாய். 50 அட்டைகள் சம அளவில் கலந்திருந்தாலும், ஒரு பிள்ளை எவரோடும் மாற்றாமல் வாங்கியே சேர்க்க வேண்டுமானால் சராசரியாக 225 பாக்கெட் வேண்டும், ரூபாயில் 1,125. சமமாக இருக்கும்போதே இவ்வளவு என்றால், 500 பாக்கெட்டுக்கு ஒன்று என்று ஓர் அட்டையை வைத்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? ஜப்பானில் இது நடந்தே இருக்கிறது. 1970-களில் ஒரு தொலைக்காட்சி வீரனின் அட்டைக்காகப் பிள்ளைகள் வாங்கிய தின்பண்டத்தைத் தெருவில் எறிந்தார்கள். 1980-களில் பிக்குரிமான் சாக்லேட்டுக்குள் இருந்த ஸ்டிக்கருக்காக அதையே செய்தார்கள். 1988-இல் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் தலையிட்டு, ஸ்டிக்கர்களைச் சம அளவில் கலக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. நம் கரையில் ஒரு பிள்ளையும் தின்பண்டத்தைக் கொட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் பசியாத வயிற்றோடு தின்று முடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் விற்பனை குறையும் என்று உன் மேலதிகாரிகள் சொல்லலாம். மாற்றிக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் நீண்ட நாள் விளையாடினார்கள் என்பதையும், மியூடூ வராது என்று தெரிந்தவுடன் பலர் அந்தப் பாக்கெட்டையே விட்டார்கள் என்பதையும், விற்ற ஒருத்தி சொன்னதாகவே அவர்களிடம் சொல்.

இன்னும் இரண்டு சிறு செய்திகள். அட்டையைத் தனி உறையில் வைத்து ஒட்டச் சொல்; எண்ணெய் படாது. கைக்குழந்தை வாயில் போட்டு விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாகவும் இருக்கட்டும்.

மாதிரி அச்சு வந்ததும் எனக்கு ஒரு கட்டு அனுப்பு. தடை முடிய இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. பிள்ளைகள் வாசலில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்து, எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன். இரண்டை ஜன்னலில் வைத்து, நம் உப்புக் காற்றில் சுருள்கிறதா என்றும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா