ஓராண்டு பொறுக்க முடியாது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான லேப்டாப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: “ஐம்பதாயிரத்துக்குக் கீழே தேடி ஏமாறுவதைவிட, ஓராண்டு பொறுத்துப் பணம் சேர்த்து நல்லதாக வாங்குங்கள்.” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முதல் செமஸ்டரிலேயே அசைன்மென்ட்டை டைப் அடித்து அனுப்பச் சொல்கிறார்கள். பொறுக்கிற ஓராண்டில் இரண்டு செமஸ்டர் போய்விடுமே, அதை யார் திருப்பித் தருவார்கள்?

என் மகள் பி.காம். சி.ஏ. முதலாண்டு. கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். நாங்கள் பால் ஊற்றிப் பிழைக்கிறவர்கள். சொசைட்டிப் பணத்தில் மிச்சம் பிடித்து, சீட்டும் எடுத்து, நாற்பதாயிரத்துக்குள்தான் வாங்கினோம். ஏமாறவில்லை.

கோவையில் ஒரு கடையில், “படிக்கிற புள்ளைக்கு இது போதுங்கக்கா” என்று மலிவாக ஒன்றைக் காட்டினார்கள். 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படுகிற நினைவகம்), ஃபைல்களை வைக்க 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவான, மெதுவான சேமிப்பு. அதே மாதிரி ஒன்று என் நாத்தனார் மகனிடம் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் இடமில்லை என்று பாதியில் நின்றுவிடும். போட்டோவையெல்லாம் அழித்துப் பார்த்தான், அப்படியும் நிற்கிறது. அடுத்த கடையில் ஐ5 (இன்டெல் சிப்பில் ஒரு வகை) ஸ்டிக்கர் ஒட்டிய, ஏதோ கம்பெனி கழித்துவிட்ட பழையது ஒன்று. அந்தச் சிப் எத்தனையாவது ஜெனரேஷன், அதாவது எத்தனையாவது தலைமுறை என்று என் மகள் கேட்டாள். ஆறாவது என்றார்கள். இன்டெல்லில் எட்டாவது ஜெனரேஷனுக்கு முந்தைய சிப்களைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. ஐ3 என்பது ஐ5-க்கு ஒரு படி கீழான வகை என்றாலும், பன்னிரண்டாவது ஜெனரேஷன் ஐ3 அந்தப் பழைய ஐ5-ஐவிட வேகமானது. உங்கள் கட்டுரையாளரோ “ஐ5-க்குக் கீழே போகாதீர்கள்” என்று எழுதி ஜெனரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நம்பிப் போகிற பெற்றோர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள்.

நாங்கள் எடுத்தது ஐ3, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி (இஎம்எம்சியைவிட வேகமான சேமிப்பு). ராம் போட இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேட்டு, திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பில் போட்டோம். போர்டோடு சாலிடர் செய்த ராமைப் பின்னால் மாற்ற வழியில்லை.

எல்லாருக்கும் ஆப்பிளின் மேக்புக் ஏர்தான் சிறந்தது என்றும் எழுதியிருக்கிறார். காமர்ஸ் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதும் டேலி வேண்டும், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு இயந்திரம் வரையும் சாலிட்வொர்க்ஸ் வேண்டும். இரண்டும் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை, மேக்புக்கில் ஓடுவதோ விண்டோஸ் அல்ல. பாடம் என்ன என்று கேட்காமல் கருவியைச் சொல்லலாமா?

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இன்ஜினீயர்களுக்கு மட்டுமே புரியும் என்ற வரி இன்னும் வலித்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கிய லினக்ஸில்தான் பிள்ளைகள் ஐ.டி. பாடம் படிக்கிறார்கள். என் மகளும் தமிழ் வழியில் அதைப் படித்துத்தான் பத்தாம் வகுப்பில் பிராக்டிகல் எழுதினாள். டைப் அடிக்கவும் கணக்குப் போடவும் உதவுகிற இலவச லிப்ரே ஆபீஸ் அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

உங்கள் இதழைத் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் வாசிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1956-இல் எல்லை பிரித்தபோது எங்கள் சித்தூர் தாலுகா கேரளத்தோடு போனது. வீட்டிலும் கடையிலும் இன்றும் தமிழ்தான் பேசுகிறோம். தமிழ்ப் பாடப்புத்தகம் பள்ளி திறந்து வெகுநாள் கழித்து வருகிறதே என்று முன்பு உங்களுக்கு எழுதினேன், போடவில்லை. 2011-இல் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது எங்கள் பிள்ளைகள் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். தமிழ்நாட்டின் 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று அறிவித்தபோது மகளுக்கும் கிடைக்குமா என்று அவள் கல்லூரியில் கேட்டேன். அது அரசுக் கல்லூரிகளுக்கு என்றார்கள். அவள் படிப்பதோ சுயநிதிக் கல்லூரி. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அதனால்தான் சொந்தக் காசில் வாங்குகிற எங்களுக்கு ஒரு நல்ல கட்டுரை அவ்வளவு தேவைப்படுகிறது.

சர்வீஸ் விஷயமும் அப்படித்தான். வீட்டுக்கே ஆள் வருவார் என்று கட்டுரை சொல்கிறது. மகளின் தோழி லேப்டாப்பில் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று போன் செய்தபோது, எங்கள் பின்கோடுக்கு ஆள் அனுப்ப மாட்டோம், கோவைக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். வாங்கும் முன்பே பின்கோடு சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு உதவியிருக்கும்.

அடுத்த இதழில் நாற்பதாயிரத்துக்கு உட்பட்ட லேப்டாப்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். சிப்பின் ஜெனரேஷன், எஸ்எஸ்டியா இஎம்எம்சியா, ராம் கூட்ட முடியுமா, எந்தப் பாடத்துக்கு எது போதும் என்ற விவரம் இருந்தால் போதும். அரைப் பக்கம் ஒதுக்கினால் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.