கோப்பையின் உச்சியில் நிற்பவரின் பெயரைச் சொல்லுங்கள்

ரைடர் கோப்பைப் போட்டியை நடத்தும் அமைப்பினருக்கு,

வணக்கம். 2027-இல் அயர்லாந்தின் அடேர் மேனரில் நடக்கவிருக்கும் போட்டியோடு, தொடக்கத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும், இப்போது ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பைக்கு நூறு வயது நிறைகிறது. அந்த விழாவை முன்னிட்டு ஒரு கோரிக்கை. 17 அங்குல உயரமுள்ள அந்தத் தங்கக் கோப்பையின் மூடிமேல் மட்டையோடு நிற்பவர் ஆங்கிலேய கோல்ஃப் ஆட்டக்காரர் ஏப் மிட்செல் என்பதைத் தொடக்க விழா மேடையில் உரக்கச் சொல்லுங்கள். வெற்றி பெற்றவர்கள் தூக்கிப் பிடிக்கும் அந்த உருவம் யாருடையது என்று அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1887-இல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் பிறந்த மிட்செல், ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் மைதானத்தைச் சேர்ந்த கான்டலூப் என்னும் உழைப்பாளர் கிளப்பில் ஆடி வளர்ந்தவர். இத்தகைய கிளப்களில் உள்ளூர்த் தொழிலாளர்கள் சிறு சந்தா கட்டி, மைதானப் பராமரிப்பிலும் கைகொடுத்து, ஒதுக்கப்பட்ட நேரத்தில் மட்டும் ஆடுவார்கள். அங்கிருந்து கிளம்பி 1912-இல், தொழில்முறை சாராத ஆட்டக்காரர்களுக்கான அமெச்சூர் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வரை வந்தார். எதிரே நின்றவர் ஜான் பால், ஏற்கெனவே ஏழு முறை அந்தப் பட்டத்தை வென்றவர். 36 குழிகளில் முடிவு கிடைக்காமல் 38-ஆவது குழியில்தான் மிட்செல் தோற்றார். மறு ஆண்டே தொழில்முறை ஆட்டக்காரரானார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1920-இல் டீல் நகரில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் போட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பந்தைக் குறைந்த முறை அடித்து முடிப்பவரே வெல்லும் அந்தப் போட்டியில், பாதி முடிந்தபோது 147 அடிகளுடன் முன்னிலையில் இருந்தார் மிட்செல். ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் டங்கன் 13 அடிகள் கூடுதலாக எடுத்துப் பின்தங்கியிருந்தார். மூன்றாம் சுற்றில் மிட்செலுக்கு 84, டங்கனுக்கு 71. ஒரே காலைப்பொழுதில் அத்தனை முன்னிலையும் கரைந்தது. டங்கன் பட்டம் வென்றார், மிட்செலுக்கு நான்காம் இடம். வலிக்கும் தோல்விதான். ஆனால் அந்த ஒரு சுற்றைக் கொண்டு ஒரு மனிதனின் வாழ்நாள் ஆட்டத்தை அளப்பது அநியாயம். தொழில்முறையாளர்களின் நேருக்கு நேர் போட்டியில் 1919, 1920, 1929 என மூன்று முறை வென்றவர் அவர்.

செயின்ட் ஆல்பன்ஸில் விதை வணிகம் செய்து செல்வந்தரான சாமுவேல் ரைடர், இந்தக் கோப்பைக்குப் பெயர் தந்தவர், ஐம்பது வயதை ஒட்டி கோல்ஃபில் இறங்கியவர். பின்னாளில் மிட்செலைத் தன் சொந்தப் பயிற்சியாளராகவே அமர்த்திக்கொண்டார். 1926-இல் வென்ட்வொர்த்தில் அமெரிக்கர்களுடன் நடந்த அதிகாரபூர்வமற்ற ஆட்டத்தில் மிட்செலும் டங்கனும் சேர்ந்து வால்டர் ஹேகன், ஜிம் பார்ன்ஸ் இணையை நொறுக்கினார்கள். 1927-இல் முதல் ரைடர் கோப்பைக்கு பிரிட்டன் அணியின் தலைவராகப் புறப்படவிருந்த மிட்செலைக் குடல்வால் அழற்சி கரையிலேயே நிறுத்திவிட்டது. அவர் இல்லாமல் கப்பலேறிய அணி அமெரிக்காவின் வொர்செஸ்டரில் 2½–9½ என்று தோற்றது. 1933-இல், 46 வயதில், இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் அமெரிக்கரான ஒலின் டுட்ராவை எட்டுக் குழிகள் மீதமிருக்கும்போதே வென்றார். பிரிட்டன் அந்தக் கோப்பையை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் கைப்பற்றியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மேடையில் பெயர் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். கோப்பையைக் காட்சிக்கு வைக்கும் இடங்களில் எல்லாம் மிட்செலின் பெயரையும் கான்டலூப் கிளப்பின் பெயரையும் எழுதி வையுங்கள். இங்கிலாந்தில் உழைப்பாளர் கிளப்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரரை அழைத்து, அடேர் மேனர் மேடைக்குக் கோப்பையை ஏந்தி வரச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கோல்ஃப் வரலாற்றை நேசிக்கும் ஒரு வாசகர்