எல்லா எச்.டி.ஆரும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம். புது டிவி வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரையில் அங்குலமும் விலையும் இருந்தன, எச்.டி.ஆர். (படத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் முறை) வகைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டிஸ்க் வாங்கிப் படம் பார்க்கும் என் போன்றவர்களுக்கு அதுதான் முக்கியம்.

எச்.டி.ஆரில் வரும் 4கே புளூ-ரே டிஸ்க் எதிலும் எச்.டி.ஆர். 10 என்ற அடிப்படை வகை கட்டாயம் இருக்கும். அதில், வெளிச்சத்தை எப்படிக் காட்டுவது என்று டிவிக்குச் சொல்லும் குறிப்பு படம் முழுவதற்கும் ஒன்றேதான். டால்பி விஷன், எச்.டி.ஆர். 10 பிளஸ் என்ற வேறு இரண்டு வகைகளும் காட்சிக்குக் காட்சி அந்தக் குறிப்பை மாற்றித் தரும். ஆனால் டிஸ்க், பிளேயர், டிவி மூன்றுமே அதற்கு ஒத்துவர வேண்டும். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது.

"எல்லா எச்.டி.ஆரும் ஒன்றுதான் சார்" என்று கடையில் சொன்னதை நம்பி, டால்பி விஷன் இல்லாத டிவியை வாங்கிவிட்டேன். அப்புறம் ஒருநாள், அதில் பார்த்த டால்பி விஷன் டிஸ்க்கையும் பிளேயரையும் தங்கை வீட்டுக்கு எடுத்துப்போய், டால்பி விஷன் உள்ள அவள் டிவியில் போட்டுப் பார்த்தேன். இருட்டறையில் ஒரு விளக்கு எரியும் காட்சி. என் டிவியில் வெறும் வெள்ளைத் திட்டாக இருந்த சுடர், அங்கே மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பிரிந்து தெரிந்தது. மனசு ஆறவில்லை. வெளிச்சம் குறைந்த, விலை மலிந்த டிவிகளில்தான் இந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரியும்.

அடுத்த கட்டுரையிலாவது ஒவ்வொரு டிவிக்கும் நேரே அது எந்தெந்த வகையை ஏற்கும் என்று போடுங்கள்.

– வாசகர், மதுரை