சீல் வேட்டை: கோபம் ஒட்டாவா மேல் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த, கனடாவின் சீல் (கடல்நாய்) வேட்டை பற்றிய கட்டுரையை வாசித்தேன். வர்த்தக வேட்டை நிறுத்தப்பட வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் கனடாவின் கிழக்கே உள்ள நியூபவுண்ட்லாந்து தீவின் மீனவர்களை இரக்கமே இல்லாத கூட்டம் என்று அதில் எழுதியதைத் தமிழ் வாசகர்கள் பேசாமல் விட்டுவிடக் கூடாது. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் தத்தளித்த நம் ஈழத்தமிழர் 155 பேரைத் தங்கள் மீன்பிடிப் படகுகளில் ஏற்றிக் காப்பாற்றியவர்கள் அந்தத் தீவின் மீனவர்கள்தான். கஸ் டால்ரன் என்ற படகோட்டியின் பெயர் இங்குள்ள மூத்தவர்கள் பலருக்குத் தெரியும். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்த பிறகா அவர் கைகொடுத்தார்?

சரி, வேட்டைக்கு வருகிறேன். அதை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணம், கொல்லப்படுபவை அநேகமாக எல்லாமே குட்டிகள். வெள்ளை ரோமக் குட்டிகளை வர்த்தகத்துக்காகக் கொல்வதை 1987-ல் தடைசெய்துவிட்டோம் என்று கனடா அரசு பெருமையாகச் சொல்லும். தாய்ச் சீல் பன்னிரண்டு நாள் மட்டும் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் குட்டியின் வெள்ளை ரோமம் உதிரத் தொடங்கும். மூன்று நான்கு கிழமையில் புள்ளி போட்ட சாம்பல் தோல் வந்துவிட்டால் கொல்வதற்குச் சட்டத் தடை இல்லை. சந்தை கேட்பதும் அந்தத் தோலைத்தான்.

2009-ல் விதிகளை இறுக்கினார்கள். மண்டையில் சுட்டோ அடித்தோ வீழ்த்த வேண்டும். மண்டையோடு இரு பக்கமும் நொறுங்கிவிட்டதா என்று கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். முன்துடுப்புகளுக்குக் கீழே ஓடும் இரத்தக் குழாய்களை அறுத்து, ஒரு நிமிடமாவது இரத்தம் வடிந்த பிறகே தோலை உரிக்க வேண்டும். எழுத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஏப்ரல் மாத வட அத்திலாந்திக்கில், அலையில் ஆடும் படகிலிருந்து, தானும் அசைகிற பனிப்பாளத்தின் மேல் கிடக்கும் குட்டியைச் சுடுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் குறி தப்பாமல் இருக்குமா? காயப்பட்டது தண்ணீருக்குள் சரிந்துவிட்டால் அமுக்கிப் பார்க்க மண்டை ஏது? எந்த அதிகாரியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் ஒழுங்குபடுத்தினால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

கட்டுரை தொடாமல் விட்டது கொட் மீன் கதை. மீன் குறைந்ததற்குச் சீல்களே காரணம், அவற்றைக் குறைத்தால் கடல் மீளும் என்று அரசியல்வாதிகள் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார்கள். உண்மையில் 1960-களில் வெளிநாட்டு றோலர்கள் (இழுவைப் படகுகள்) வந்து வாரின. 1968-ல் மட்டும் வடக்குக் கொட் 8 இலட்சம் தொன் பிடிபட்டது. 1977-ல் கனடா 200 கடல்மைல் எல்லை போட்டு அவர்களை விரட்டியது, பிறகு தன் சொந்தக் கம்பனிகளின் றோலர்களை அதே வேலைக்கு விட்டது. மீன் சிறுத்துப் போகிறது, வலையில் விழுவது குறைகிறது என்று கரையோரச் சிறு மீனவர்கள் எண்பதுகளில் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடியே மூடப்பட்டு ஏறத்தாழ 30 ஆயிரம் பேர் வேலையிழந்தார்கள். றோலர் கடலடியை என்ன செய்யும் என்பதை இலங்கையின் வடபகுதியில் உள்ள நம் மீனவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செயின்ற் லோறன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் கொட் மீளாததற்குச் சாம்பல் சீல் ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது வேறு இனம். இந்த வேட்டையில் பெரும்பாலும் சாவது ஹார்ப் சீல்.

வருமானமும் போய்விட்டது. 2006-ல் நல்ல தோல் ஒன்று 100 டொலரைத் தாண்டியது. அந்த வருடம் மூன்றரை இலட்சம் சீல்கள் செத்தன. 2009-ல் விலை 15 டொலர் அளவுக்கு இறங்கியது. அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியம் சீல் பொருட்களுக்குக் கதவை அடைத்தது, 2011-ல் ரஷ்யா, 2018-ல் இந்தியா. உலக வர்த்தக அமைப்பில் கனடா போட்ட வழக்கிலும் 2014-ல் ஐரோப்பியத் தடையின் அடிப்படை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. 2011-ல் 4 இலட்சம் சீல்களுக்கு அனுமதி இருந்தும் பிடிபட்டது ஏறத்தாழ 40 ஆயிரம்தான்.

இதில் ஒரு பாவமும் அறியாமல் அடிபட்டவர்கள் வடதுருவப் பழங்குடிகளான இனுவிட் மக்கள். அவர்கள் வேட்டையாடுவது உணவுக்காக, பெரும்பாலும் வளர்ந்த சீல்களை. ஐரோப்பியத் தடையில் அவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் சந்தையே விழுந்த பிறகு விலக்கை வைத்து என்ன செய்வது? அவர்களுக்கு இழைத்த தீங்குக்குக் கிறீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பே மன்னிப்புக் கேட்டிருக்கிறது. நம் கட்டுரையோ அவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

கொட் மீன்பிடி மூடப்பட்டபோது அரசு மீனவர்களுக்கு நிவாரணம் கொடுத்தது, உரிமங்களைத் திரும்ப வாங்கும் திட்டமும் கொண்டுவந்தது. வர்த்தகச் சீல் வேட்டை உரிமங்களையும் அப்படியே நியாயமான விலைக்கு வாங்கிக்கொண்டு இந்த வேட்டையை முடித்துவைக்கலாம். இங்கே ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நம் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம், அதற்கு உங்கள் கட்சி எப்போது காசு ஒதுக்கும் என்று வாசகர்கள் நேரே கேட்க வேண்டும். உங்கள் பத்திரிகையும் அந்தக் கேள்வியை மீன்பிடி அமைச்சருக்கு எழுதி அனுப்பி, வரும் பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
ஸ்காபரோ